கொடிக்குப் பின்னால் முப்பத்தொரு பேர்

கொடியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. பதினான்கு வருடமாக மஞ்சள் கொடி ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நெரிசல் மிகுந்த அந்த நகரத்தில் சுற்றுலாக் கூட்டங்களை மேய்க்கிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? "கொடியைப் பாருங்க, கொடியை விட்டுடாதீங்க" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்வாள். தூக்கத்திலும் சொல்வதாக மகள் கேலி செய்வாள்.

காலையில் கோட்டை, பிறகு அருங்காட்சியகம், பகல் பன்னிரண்டரைக்கு அண்ணன் கடை. இந்த வரிசை மாறாது. அண்ணன் கடை என்றால் லேசுப்பட்டதல்ல. மெயின் ரோட்டில் இரண்டு மாடி, வாசலில் வாயைப் பிளந்த டிராகன், 'பாரம்பரியச் சீன உணவகம்' என்று ஆளுயரப் பலகை. பலகையில் ஏறிய பாரம்பரியம் சமையலறைக்குள் மட்டும் வரவேயில்லை. நூடுல்ஸுக்கும் சாதத்துக்கும் கோழிக்கும் ஒரே வாளிச் சிவப்பு சாஸ்தான், பெயர்கள்தான் பதினெட்டு. "நல்ல சீனச் சாப்பாடு, பழைய முறையில செஞ்சது, எங்கம்மா கிடைக்கும்?" என்று எந்தப் பயணி கேட்டாலும், கொடியக்கா முகம் மாறாமல், "அங்கதான் போயிட்டிருக்கோம்" என்பாள்.

வேறென்ன சொல்வாள், பாவம்? கணவர் இறந்ததிலிருந்து அவளும் மகளும் இருப்பது அந்தக் கடையின் மாடியில், ஒற்றை அறையில். ஜன்னலைத் திறந்தால் சமையலறைப் புகை, மூடினால் புழுக்கம். மகளின் பாடப்புத்தகத்தைப் பிரித்தால் வறுத்த பூண்டு மணக்கும். அண்ணன் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். "என் தங்கச்சிக்கு நான் இருக்கேன்" என்று ஊரார் முன்னால் சொல்வார். ஊரார் போனதும், "அந்த ரூம் காலியா இருந்தா மாவு மூட்டை அடுக்கலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். மகளின் பள்ளி இறுதித் தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதுவரை அந்த அறை கையை விட்டுப் போகக்கூடாது. கொடியக்காவின் வேண்டுதல் எல்லாம் அவ்வளவுதான்.

அவளுக்கென்று இருந்தது ஒரு இருபது நிமிடம். கூட்டத்தை மேசைகளில் உட்கார வைத்ததும் கொடியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பின்கதவு வழியாக நழுவுவாள். மீன் சந்தையைத் தாண்டி, எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. அங்கே எட்டு ஸ்டூல் போட்ட கடை ஒன்று. மூன்று தலைமுறைக்கு முன் சீனாவிலிருந்து வந்த குடும்பம்; இப்போது மிச்சம் மாஸ்டரும் மாஸ்டரம்மாவும்தான். விடியற்காலையில் எலும்பை அடுப்பில் ஏற்றினால் பகலில்தான் சூப் இறங்கும். ஆவியில் வெந்த மீனின் மேல் இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, காய்ந்த எண்ணெயைச் சுரீரென்று மாஸ்டர் ஊற்றும் சத்தத்துக்கே அவளுக்குப் பசி எடுக்கும். மாஸ்டரம்மா எதுவும் கேட்காமல் கிண்ணத்தை வைப்பாள். அந்த இருபது நிமிடம் அவளை யாரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள்.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஒருநாள் மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால் பஸ் மீன் சந்தை முனையிலேயே நின்றுவிட்டது. "இறங்கி நடந்துடலாம், கொடியைப் பாருங்க" என்று முன்னால் நடந்தாள். முந்தின நாள்தான் அண்ணன், "மூட்டை அடுத்த மாசம் வருது" என்று சொல்லியிருந்தார். மனசு முழுக்க அந்த மூட்டை. மீன் சந்தை முனையிலிருந்து அவள் கால்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. சந்துக்குள் நுழைந்து, தன் ஸ்டூலில் உட்கார்ந்து, கொடியைச் சுருட்டப் போனபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். சந்து நெடுக முப்பத்தொரு பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஸ்டூல் எட்டு, ஆள் முப்பத்தொண்ணு" என்றார் மாஸ்டர். "மடியில உட்கார வச்சுடலாமா?"

அவள் எழுந்து, "இங்க இல்லைங்க, வாங்க, வாங்க" என்று கொடியை ஆட்டினாள். யார் நகர்ந்தார்கள்? முன்னால் நின்ற அம்மாள் மூக்கை உறிஞ்சி, "இந்த வாசனைக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்!" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் நின்றபடியே கிண்ணத்தை வாங்கினார்கள். அப்போது அண்ணனிடமிருந்து போன் அடித்தது.

"மேசை போட்டு அரை மணி ஆச்சு. எங்கம்மா இருக்க?"

பின்னால் முப்பத்தொரு பேர் சூப்பை உறிஞ்சும் சத்தம். பொய் சொல்லவும் வழியில்லை; சந்தைச் சொன்னாள்.

அண்ணன் பத்து நிமிடத்தில் வந்தார். திட்டவில்லை. ஒரு கிண்ணம் வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். "மாஸ்டர், எதுக்கு இந்தச் சந்துல கஷ்டப்படுறீங்க? என் கடைக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க. பெரிய அடுப்பு, கை உதவிக்கு நாலு ஆள். உங்க பக்குவம் அப்படியே இருக்கட்டும்" என்றார். பிறகு தங்கையைத் தனியே அழைத்தார். "ரூம் விஷயத்தை விடு, பாத்துக்கலாம். நீ அவங்ககிட்ட ரெண்டு நல்ல வார்த்தை சொல்லு."

மறுநாள் மாஸ்டரம்மா கிண்ணத்தை வைத்துவிட்டு, முதல் தடவையாக எதிரே உட்கார்ந்தாள். "அவருக்கும் முழங்கால் முடியலை, கொடி. உங்க அண்ணன் சொன்னபடி நடந்துப்பாரா? நீ சொன்னா சரி."

இருதலைக் கொள்ளி எறும்பானாள் கொடியக்கா. அண்ணன் வாக்கு எத்தனை நாள் தாங்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? 'வராதீங்கக்கா' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. மகளின் புத்தகங்கள் கண்ணில் நின்றன.

"நடந்துப்பாருக்கா. நம்பி வாங்க."

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பதை அன்றுவரை அவள் பழமொழியாகத்தான் கேட்டிருந்தாள். அன்று சூப்பைத் தொடாமலே எழுந்தாள்.

முதல் வாரம் எலும்பு சூப் இருந்தது. இரண்டாம் வாரம், "ஒரு சூப்புக்கு ஏழு மணி நேரமா அடுப்பு எரியணும்?" என்றார் அண்ணன். மூன்றாம் வாரம் மாஸ்டர் கையில் சாஸ் வாளி. சந்துக் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். மாவு மூட்டைகளை அண்ணன் படிக்கட்டில் அடுக்கிக்கொண்டார். மகள் மேலே படித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒருநாள் கூட்டத்தை உட்கார வைத்துவிட்டு, கொடியைச் சுருட்டிக்கொண்டு, பழக்கத்தில் பின்கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தாள். போக இடம் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"கொடி, இங்க வா" என்று மாஸ்டரம்மா சமையலறை மூலையில் ஸ்டூலைப் போட்டுக் கிண்ணத்தை வைத்தாள். நூடுல்ஸ் செக்கச்செவேலென்று இருந்தது. மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அதையே பாத்துட்டிருந்தா எப்படி? ஆறிடும், சாப்பிடு" என்றாள் மாஸ்டரம்மா. அவள் குரலில் கோபமே இல்லை. "நீ சொல்லித்தானே வந்தோம்."

கொடியக்கா குனிந்த தலை நிமிராமல் முழுவதையும் சாப்பிட்டாள்.