புகை வராத சமையல்

பிள்ளைகள், இது நீங்கள் சின்ன ஆக்களாக இருக்கும்போது நடந்தது. சண்டை முடிந்து எங்கள் ஊர் இலுப்பைக்கடவைக்குத் திரும்பி வந்து, வீட்டுக்குக் கரண்ட் கிடைத்ததும், மன்னாருக்குப் போய் ஒரு ரைஸ் குக்கர் வாங்கினோம். சோறு கொதிப்பதைப் பார்க்கலாம் என்று கண்ணாடி மூடி போட்டதை நீங்கள்தான் தெரிவு செய்தீர்கள். அதன்பிறகு அம்மா விறகடுப்பை மூட்டவே இல்லை.

அந்த வாரமே, பக்கத்துக் காணியில் தனியாக இருந்த மணி அக்கா ஒரு சட்டிச் சோற்றைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தா.

"பிள்ளையளுக்குக் குடுங்கோ தம்பி."

நிவாரண அரிசி அவவுக்கே காணாது. நான் குக்கரைக் காட்டிச் சிரித்தேன். "என்னக்கா, நாங்கள் பட்டினி எண்டு நினைச்சிட்டியளோ?"

அவ சிரிக்கவில்லை.

"உங்கட வீட்டில புகையைக் காணேல்ல. கடைசிச் சண்டைக்குள்ள எங்களுக்குப் பக்கத்துக் கொட்டிலிலயும் ஒருநாள் பின்னேரம் புகை வரேல்ல. ஷெல்லுக்குப் பயந்து நான் எட்டிப் பாக்கேல்ல. அங்க தனிய இருந்த பொம்பிளைப் பிள்ளை காயப்பட்டு இரவு முழுக்கக் கிடந்திருக்கிறா, தம்பி. விடியப் போனால் உயிர் இல்லை."

நான் இரண்டு கையாலும் சட்டியை வாங்கினேன். அன்று மத்தியானம் நீங்கள் சாப்பிட்டது அந்தச் சோறுதான். குக்கர் நல்ல சாமான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் புகையை ஒருவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் விடிய, நீங்கள் நித்திரையாக இருக்கும்போது, குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டு, பனை மட்டை வைத்து அடுப்பை மூட்டினேன். வெறும் தண்ணீரை ஏற்றினேன். மணி அக்கா வெளியே வந்து எங்கள் கூரையைப் பார்த்துவிட்டு, வாளியோடு கிணற்றடிக்குப் போகும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.