தீப்பெட்டி ஆபீசில் ஒரு சீனச் சுருட்டு

சீன ஊசி வைத்தியத்தில் நோயாளிக்கு வலிப்பது கொஞ்சம்தான். வைத்தியனுக்குத்தான் அடிக்கடி நெஞ்சு பதறும். பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வைத்தியம் பார்க்கப் போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியைச் சுற்றி மொபெட்டில் அலைந்தேன். என்னைக் கூப்பிட்டவர்களில் பெரும்பாலோர் பக்கவாதத்தில் விழுந்து எழுந்தவர்கள். தங்கவேல் அண்ணாச்சி அவர்களில் ஒருவர்; ஊருக்கு வெளியே சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, நடத்தியவர். வலது கையும் காலும் லேசாக அசைந்தன. பேச்சு அடியோடு போய்விட்டது. முதல் நாளே அவர் மனைவி லட்சுமியக்கா சொன்னார்: "நடக்காட்டியும் பரவாயில்ல தம்பி. அவிய வாயத் தொறந்து என்னையத் திட்டினாப் போதும்."

நல்ல கை

எங்கள் முறையில் சில சமயம் வாதம் வராத பக்கத்திலும் ஊசி போடுவோம். அண்ணாச்சியின் இடது கையில் முதல் ஊசியை வைத்ததுமே லட்சுமியக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிடித்த பிடியில் எனக்கே கை மரத்துப்போனது. "நல்லா இருக்குத கையில எதுக்குக் குத்துதீங்க? இருக்கது அது ஒண்ணுதான், அதையும் படுக்கப் போட்டுராதிய!"

பிரிக்காத அட்டை

ஒருநாள் அலமாரியில் ரத்த அழுத்த மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. அழுத்தத்தை அளந்தேன். கருவிதான் கெட்டுவிட்டதோ என்று மறுபடி அளந்தேன். அன்று ஊசிப்பையைத் திறக்கவே இல்லை. ஆட்டோ பிடித்து நேரே டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஊசி ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிட்ட லட்சுமியக்கா வழியில் என்னிடமே நியாயம் கேட்டார்: "ஒரு பஸ்ஸ ரெண்டு டிரைவர் ஓட்டுனா எங்கன போயி நிக்கும், நீங்களே சொல்லுங்க!"

சுருட்டு

மாசிபத்திரி இலையைப் பொடித்துச் சுருட்டுப் போல உருட்டியிருப்பார்கள். அதைக் கனலவைத்து, தோலில் படாமல் அருகே காட்டிச் சூடு கொடுப்பது இன்னொரு சிகிச்சை. அதை முதன்முதலாகக் கொண்டுபோன அன்று அண்ணாச்சி வீட்டில் இல்லை. ஆபீஸ் முன்னறையில் படுத்திருந்தார். வாசலில் எல்லார் பையையும் தடவிப் பார்க்கும் காவலாளி, வைத்தியனாயிற்றே என்று என்னைச் சும்மா விட்டுவிட்டார். நான் தீக்குச்சியை உரசி, சுருட்டைப் பற்றவைத்தேன்.

"ஏலே! அணைலே!"

அறையில் என்னையும் அண்ணாச்சியையும் தவிர யாரும் இல்லை. மாதக்கணக்கில் ஒரு சொல் பேசாதவர், இடது கையால் பக்கத்துத் திரைச்சீலையைக் காட்டினார். விலக்கிப் பார்த்தேன். தலையில் தீமருந்து தோய்த்த குச்சிகள் மரச்சட்டங்களில் அடுக்கடுக்காகக் காய்ந்துகொண்டிருந்தன. சுருட்டைத் தண்ணீர்ச் செம்புக்குள் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். குரல் கேட்டு ஓடிவந்த லட்சுமியக்கா அழுதுகொண்டே என் தோளை உலுக்கினார்: "தம்பி, இன்னொருக்கப் பத்த வைங்க! இன்னும் ரெண்டு வார்த்தை வரட்டும்!"

வாசல்

அதன்பிறகு வெகுநாள் அந்த இரண்டு சொல்தான். காப்பி வேண்டுமென்றாலும் "அணைலே", குளிக்க வேண்டுமென்றாலும் "அணைலே". ஊசி, மாத்திரை, பேச்சுப் பயிற்சி எதையும் நிறுத்தவில்லை. சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

ஒருநாள் காலையில் ஆபீஸ் வாசலில் காவலாளியின் நாற்காலியில் அண்ணாச்சியே உட்கார்ந்திருந்தார். இடது கையை நீட்டி என்னை நிறுத்தினார். சொல்லோடு சொல்லைச் சேர்த்துக் கேட்டார்: "தம்பி... பையில... தீப்பெட்டி இருக்கா?"

அவருக்குப் பேச்சு வந்தது ஊசியாலா, மாத்திரையாலா, பயத்தாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று எனக்குப் பேச்சு நின்றுபோனது மட்டும் அந்தச் சுருட்டால்தான்.