கூரை அறுக்காத கார்

மரக்காணத்தில் அர்ச்சுனனிடம் சண்டை வாங்கப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். அவருடைய காரைப் பார்த்து, "கூரைய எங்கண்ணா அறுத்தீங்க?" என்று கேட்டால் போதும்.

"அறுத்ததா? டேய், வா இங்க. ஓரத்தப் பாரு. எங்கயாச்சும் வெல்டிங் தெரியுதா? பொறக்கும்போதே ஓப்பன் இது. கல்யாணத்துக்கு விடுறானுங்களே, அம்பாசிடர் மண்டைய அறுத்துட்டு, அந்த மொட்டை வண்டின்னு நெனச்சியா?"

கேட்டவன் குனிந்து ஓரத்தைத் தடவப் போனால் அதற்கும் விழும். "கைய எட்றா. வேர்வையில உப்பு இருக்குது."

உப்புதான் அவருக்கு ஜென்மப் பகை. மீசை அரும்பிய நாளிலிருந்து உப்பளத்து உப்பை லாரியில் ஏற்றி ஓட்டியவர். உப்பு ஏற்றும் லாரிக்கு ஆயுசு கிடையாது. பலகைக்குக் கீழே இரும்பு அப்பளமாக நொறுங்கும். பிரேக் பைப் இற்றுப்போய், கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஒரு நாள் லாரி நிற்காமல் போய்ப் புளியமரத்தில் மோதியது. அதில் முன்பல் இரண்டைக் கொடுத்துவிட்டு வந்தவர், உப்பு தொடாத வண்டி ஒன்றாவது தன் கையில் இருக்க வேண்டும் என்று வெறி கொண்டார்.

அந்த வெறிக்கு அகப்பட்டதுதான் இந்தக் கார். பாண்டிச்சேரியில் ஒரு பழைய பங்களாவின் கொல்லையில், பின்சீட்டில் கோழி அடைகாக்கக் கிடந்தது. இரண்டே கதவு, மடக்குக் கூரை. பொம்மையார்பாளையத்துப் பட்டறையில் விட்டு வருஷக்கணக்காகச் சரிசெய்தார். ஓட்டையைப் புட்டிப் பசை வைத்து மூடிவிடுவார்களோ என்று சட்டைப்பையில் காந்தத்தோடு போவார். கதவு கதவாக ஒட்டிப் பார்ப்பார். ஒட்டாத இடத்தைச் சுரண்டிப் போட்டுவிட்டு, "தகடு வச்சு அடி" என்பார். அவர் வருவது தெரிந்தால் டிங்கர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவான்.

ஆனால் வண்டி வெளியே வந்தபோது திட்டியவர்களே நின்று பார்த்தார்கள். சந்தன நிறம், சிவப்பு ரெக்சின், முகம் பார்க்கிற மாதிரி பம்பர். கித்தான் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளி, சீட்டின் முதுகில் பெண்ணை உட்கார வைத்தால் தெருக்கோடிவரை அவள் முகம் தெரியும். சுற்றுப்பட்டு ஊர்களில் பெண் அழைப்பென்றால் அந்தக் கார்தான். கூடவே அர்ச்சுனனின் வாயும் வரும். பூவை நூலில்தான் கட்ட வேண்டும். டேப் ஒட்டினால் பெயிண்ட் பிய்ந்து வரும். பட்டாசு வெடித்தால் வண்டியைத் திருப்பிவிடுவார். ஓர் ஊரில் சொன்னபடியே திருப்பியும் விட்டார். பின்னால் மணப்பெண் உட்கார்ந்திருப்பது உப்பளத்து ரோட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

காருக்குக் கான்கிரீட் ஷெட், இரும்பு ஷட்டர். குடும்பத்துக்குச் சிமெண்டு ஷீட் வீடு. "அடுத்த ஜென்மத்துல இந்த ஆளுக்குக் காராப் பொறக்கணும்" என்பாள் மனைவி தையல்நாயகி.

ஒரே மகள் வினோதினி, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. இரண்டு பக்க வம்சத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அளத்து வெயிலில் வெந்த சனத்துக்கு அந்தப் பட்டம் என்னவென்று தெரியும். அவள் பட்டம் வாங்கிய போட்டோவைத் தெருவே கேட்டு வாங்கிப் பார்த்தது. ஃபெஞ்சல் புயல் வந்த அன்று அவள் சென்னையில் இருந்தாள். மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை முடிவாகி, அசல் சான்றிதழ்களைக் காட்டுவதுதான் பாக்கி. மத்தியானமே போன் செய்தாள்.

"அப்பா, பீரோ மேல என் ஃபைல் இருக்குது. ஷீட்டு தாங்காது. காருக்குள்ள வச்சிடுப்பா."

"சரி சரி, வச்சிடுறேன்."

வைக்கவில்லை. அதற்குள் அவர் ஷட்டரை இறக்கி, சந்துக்குச் சந்து கிரீஸ் தடவிய சாக்கைத் திணித்து முடித்திருந்தார். மறுபடி திறந்தால் உப்புக்காற்று உள்ளே போய்விடும். பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவியோடு புயல் பாதுகாப்பு மையத்துக்கு நடந்துவிட்டார். ஷீட் பறந்தது. பீரோ சாய்ந்தது. மறுநாள் சேற்றிலிருந்து எடுத்த காகிதத்தில் பெயர் எது, மார்க் எது என்று தெரியவில்லை. மகளுக்கு அவர் போனில் சொன்ன முதல் சேதி இது: "நம்ம வண்டிக்கு ஒரு சொட்டு எறங்கல பாப்பா!"

அவள் அலைந்து திரிந்து நகல் வாங்கி வருவதற்குள் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. அன்றோடு 'அப்பா' என்கிற வார்த்தையும் நின்றது. ஏதாவது சொல்ல வேண்டுமானால், "அந்த ஆளுகிட்ட சொல்லும்மா" என்பாள்.

பிரம்மதேசத்தில் சம்பந்தம் முடிவானது. மாப்பிள்ளை செந்தமிழ். அவன் அப்பா பக்கிரி, நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிறவர். "சம்பந்தி, நாங்க வேற ஒண்ணும் கேக்கல. பெண் அழைப்புக்கு உங்க ஓப்பன் கார் வரணும். எங்க ஊரு பூரா பாக்கணும்" என்றார்.

அர்ச்சுனனுக்கு நெஞ்சு விரிந்தது. ஊர்ப் பெண்களை ஏற்றியதெல்லாம் ஒத்திகை. தன் மகளை ஒரு தடவை அதில் உட்கார வைத்துவிட்டால் போதும், மனசு இளகி 'அப்பா' என்று கூப்பிட்டுவிடுவாள் என்று அவர் தீர்மானமாக நம்பினார்.

"அதுல நான் ஏற மாட்டேன்" என்றாள் வினோதினி.

"நீ ஏறலன்னா கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்டி!"

"வரவேணாம்னு சொல்லும்மா. ஷெட்டுல உக்காந்து அதுக்கு விசிறிக்கிட்டு இருக்கச் சொல்லு."

"ஏன்டி, மாமனார் வாய்விட்டுக் கேட்ட ஒண்ணு. போன எடத்துல பேச்சு வாங்கப் போறியா?" என்று தையல்நாயகி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வினோதினி அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு, "பேச்சு வரக்கூடாதுன்னுதான் ஏறுறேன். அந்த ஆளுக்காக இல்ல. அதையும் சொல்லிடு" என்றாள்.

பெண் அழைப்பு அன்று சாயங்காலம் பிரம்மதேசம் கோயில் வாசலில் கார் நின்றது. மல்லிகைச் சரத்தை அர்ச்சுனனே நூலால் கட்டியிருந்தார். பட்டுச்சேலையில் வினோதினி ஏறி உட்கார்ந்தாள். பேண்டு செட் முழங்கியது. ஜனம் திரளாகக் கூடிவிட்டது. அவர் கண்ணாடியைத் திருப்பி மகளின் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார்.

"சௌகரியமா இருக்குதா பாப்பா?"

அவள் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பரவாயில்லை, இன்னும் இரண்டு தெரு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

முதல் தெரு திரும்பியதும் பானெட்டில் ஒரு துளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அர்ச்சுனன் வண்டியை நிறுத்திவிட்டுப் பாய்ந்து இறங்கிப் பின்பக்கம் ஓடினார்.

"பொண்ணுக்குக் கொடை எடுக்குறாரு" என்றார் பக்கிரி பெருமையாக.

அர்ச்சுனன் எடுத்தது தார்ப்பாய். அதை உதறிக்கொண்டே, "பாப்பா, கொஞ்சம் எறங்கு. சீட்டு நனையுது" என்றார்.

பேண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக ஊதுவதை நிறுத்தினார்கள். வினோதினி அவரை நேராகப் பார்த்தாள்.

"சரிப்பா. எறங்குறேன்."

அவர் காத்திருந்த அந்த 'அப்பா'தான். அது வந்துவிட்டதுகூட அந்த அவசரத்தில் அவர் காதில் ஏறவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நடக்கத் தொடங்கினாள். பக்கிரி தோள்துண்டை விரித்து அவள் தலைக்குமேல் பிடித்தார். கூட்டம் அவள் பின்னால் போயிற்று. பேண்டு மறுபடி முழங்கியது.

அர்ச்சுனன் கித்தானை இழுத்துப் போட்டு இரண்டு கொக்கியையும் மாட்டி முடித்தபோது தூறல் விட்டிருந்தது. கூட்டத்தின் பின்னால் வண்டியை ஊர்ந்து வரவிட்டார். ஹாரன் அடித்தார். ஒருத்தரும் விலகவில்லை.

"என்னா ஓனரு, சவாரி காலியா?" என்று யாரோ கேட்க, தெருவே சிரித்தது. அவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மண்டப வாசலில் குடும்பப் படம் எடுக்கத் தயாராக நின்றார்கள். போட்டோக்காரன் கையை ஆட்டினான்.

"டிரைவரண்ணா, வண்டிய அந்தாண்ட எடுங்க. ஃப்ரேம்ல விழுது."

"டேய், பொண்ணோட அப்பன்டா நான்!"

"அப்படியா? அப்ப நீங்க வந்து நில்லுங்க. வண்டிய மட்டும் எடுத்துடுங்க."

வண்டியை எடுப்பது, வந்து நிற்பது, இரண்டும் நடக்கக்கூடியதுதான். அவர் அவசரமாகப் பின்னால் எடுத்தார். அங்கே ஒரு டிராக்டர் நின்றிருந்தது. பம்பர் உரசுமோ என்று இறங்கிப் பார்த்தார். மறுபடி ஏறி, ஒரு சாண் முன்னால் எடுத்து, மறுபடி இறங்கிக் குனிந்து பார்த்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே தையல்நாயகி மட்டும்தான் நின்றிருந்தாள்.

"போட்டோ எடுத்தாச்சு" என்றாள். "போயி சாப்புடுங்க."