முறிக்க ஆளில்லாத பத்தியம்

விமலேஸ்வரிக்கு முதலில் விரல்கள்தான் வெளுத்தன. தொண்ணூற்று மூன்று மார்கழியில், பரந்தனுக்குக் கிழக்கே தங்கள் வயலில் களை பிடுங்கிக்கொண்டு நின்றவர், பத்து விரலும் சுண்ணாம்பில் தோய்த்ததுபோல் ஆனதைக் கண்டு நெருப்பில் காட்டினார். ஒரு வருடத்துக்குள் கைத்தோல் தடித்து இறுகியது. பிறகு முகம். அதன்பின் வாய் சுருங்கியது. விழுங்கியது நெஞ்சுக்குள் நின்றது. இது தோலோடு குடலும் இறுகுகிற வருத்தம், தொற்றாது என்று ஒரு டொக்டர் சொல்லி, அதன் ஆங்கிலப் பெயரை அட்டையில் எழுதிக் கொடுத்தார். வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

தொண்ணூற்றாறு ஆனியில் கணவர் வீரகத்தி அவரை நாட்டு வைத்தியரான சிற்றம்பலம் பரியாரியாரிடம் கூட்டிப்போனார். பரியாரியார் எண்ணெயும் குளிகையும் கொடுத்து, நாற்பது நாள் பத்தியம் சொன்னார். முடிவில் பத்தியத்தைத் தன் கையால்தான் முறிக்க வேண்டும், இடையில் வாய் மாறி ஆகாததைத் தின்றால் மருந்து ஆளுக்கே திரும்பிவிடும் என்றும் எச்சரித்தார்.

முப்பத்தோராம் நாள் ஷெல் விழத் தொடங்கியது. அவர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி முள்ளியவளைக்கு வந்து, உறவினர் தோட்டத்தில் கொட்டில் போட்டார்கள். பரியாரியார் எங்கே போனார் என்று தெரியவில்லை. எண்ணெய் ஒரு கிழமையில் தீர்ந்தது. பத்தியம் மட்டும் தீரவில்லை.

சமையல் வீரகத்தியின் அக்கா அருந்ததியின் பொறுப்பு. கூடாதவற்றை ஒரு கொப்பித்தாளில் எழுதி, குசினித் தட்டியில் செருகி வைத்திருந்தார். கத்தரிக்காய், பூசணி என்று தொடங்கிய தாளில், பார்க்க வந்தவர்கள் சொன்னவையும் ஏறின. தை மாதம் வந்தபோது கஞ்சியும் அவித்த பயறும் வறுத்த உப்பும்தான் மிஞ்சியிருந்தன.

கிளினிக்கில் நிறுத்தார்கள். முப்பத்தாறு கிலோ. மீன், முட்டை, வாழைப்பழம், எல்லாவற்றையும் குழைத்து, கொஞ்சங் கொஞ்சமாக ஆறு தரம் கொடுக்கச் சொன்னார் டொக்டர். சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கல் வைக்க வேண்டும் என்றார். இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் குழாயால்தான் உணவு. அதற்கு வவுனியாவுக்குப் போக வேண்டும், போர் எல்லையைக் கடந்து போவதற்குப் பாஸ் கிடைக்க வேண்டும்.

கல்லை அன்றைக்கே வைத்தார்கள். மீனைக் கொடுக்க ஒருவருக்கும் துணிவில்லை. பரியாரியாரின் மருந்தைப் பற்றி டொக்டருக்குத் தெரியாது. அட்டையில் எழுதியிருந்தது பரியாரியாருக்குத் தெரியாது. எதைக் கேட்பது என்று வீரகத்தி குழம்பினார்.

“மீனைக் குடுத்து ஏதும் நடந்தா, டொக்டரோ வந்து நிக்கப்போறார்?” என்றார் அருந்ததி.

“என்ர வாய்தான் சின்னனாப் போச்சு, மச்சாள். உங்கட எல்லாற்ர வாயும் நல்லாத்தான் கிடக்கு” என்றார் விமலேஸ்வரி.

வீரகத்தி சைக்கிளில் பரியாரியாரைத் தேடினார். ஒருவர் மல்லாவி என்றார், இன்னொருவர் மடு என்றார். மாசியில் நெடுங்கேணியில், ஒரு தகரக் கொட்டிலில் கண்டுபிடித்தார். பரியாரியாருக்கு அவரை நினைவில்லை. விமலேஸ்வரியின் விரல்களைப் பற்றிச் சொன்னபோதும் யோசித்தபடிதான் இருந்தார். வீரகத்தி தாளை எடுத்து வாசித்தார்.

“கத்தரிக்காய் சொல்லியிருப்பன். மீன் சொன்னனானோ? சின்ன மீன் ஆகுமெண்டெல்லோ நான் எல்லாருக்கும் சொல்லுறனான். முட்டை ஆர் சொன்னது?”

வீரகத்தி தாளைத் திருப்பிப் பார்த்தார். சொன்னவர் பெயர் அதில் இல்லை.

“ஏடெல்லாம் அங்க விட்டிட்டு வந்தனான், தம்பி. எனக்கும் வடிவா ஞாபகம் இல்லை.”

“அப்ப முறிக்கலாமோ, ஐயா?”

“எண்ணெய் முடிஞ்சு அரை வருசம். இனி என்ன பத்தியம்? தலைக்கு முழுக வார்த்து, மீன் சொதி குடும்.”

தன் கையால் முறிக்கப் பரியாரியாரால் அவ்வளவு தூரம் வர முடியாது. நினைவில்லாத மனிதரின் சொல்லை நம்பலாமா என்று வீரகத்தி வழி முழுக்க யோசித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தார்.

மறுநாள் பரியாரியார் சொன்னபடி முழுக வார்த்தபின், அருந்ததி ஓரா மீனை முள் நீக்கிச் சோற்றோடு மசித்து, தேங்காய்ப்பால் சொதி விட்டு, குழந்தைக் கரண்டியால் ஊட்டினார். முதல் கரண்டி நெஞ்சில் நின்றது. மருந்து திரும்பிவிட்டதோ என்று வீரகத்தி எழுந்தேவிட்டார். விமலேஸ்வரி நிமிர்ந்திருந்து ஒரு மிடறு வெந்நீர் குடித்தார். இறங்கியது.

“முட்டை ஆர் சொன்னது, மச்சாள்?”

அருந்ததி சொதியைக் கிளறினார். “ஆரோ சொன்னவை.”

“சரி. அடுத்த கரண்டியைத் தாங்கோ.”

பங்குனிக் கிளினிக்கில் முப்பத்தாறே முக்கால் இருந்தது. ஆளை மெலிய வைத்ததில் வருத்தத்தின் பங்கு எவ்வளவு, தாளின் பங்கு எவ்வளவு என்று வீரகத்தி டொக்டரைக் கேட்டார். டொக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.