கீழ்வீட்டுக்காரி

யாங்கோனில் ஒருவர் எந்த மாடியில் குடியிருக்கிறார் என்று கேட்டாலே அவர் கையிருப்பு தெரிந்துவிடும். கீழ்வீடு என்றால் வசதிக்காரர். மேலே போகப் போக ஏழை. ஆனால் நகருக்கு வெளியே மிங்கலாடோனைத் தாண்டி, வயலில் மண்ணைக் கொட்டி எழுப்பிய அந்த மலிவு விலைக் குடியிருப்பில் மட்டும் எல்லா வீட்டுக்கும் ஒரே விலை வைத்தார்கள். யாருக்கு எந்த மாடி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். அஸ்மாவின் வாழ்க்கை கெட்டது அந்தக் குலுக்கலில்தான். மற்றவர்கள் ஆயிரம் சொல்லலாம், அவள் கணக்கில் அப்படித்தான்.

அஸ்மாவும் நூருன்னிசாவும் நகருக்குள் ஒரே பிரியாணிக் கடையில் பொட்டலம் கட்டியவர்கள். வாடகை ஏறிக் கழுத்தை நெரித்தபோது இருவரும் பேசி வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். குலுக்கல் அன்று வயதில் மூத்தவள் என்று அஸ்மாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். சுற்றிலும் தெரிந்த முகங்கள். அத்தனை பேர் பார்க்கும்போது பெருந்தன்மை காட்டாமல் இருக்க முடியுமா? "நீ மொதல்ல எடு நூரு" என்று தோளைத் தட்டி அனுப்பினாள். நூருன்னிசா தகர டப்பாவுக்குள் கையை விட்டாள். கீழ்வீடு வந்தது. அடுத்து அஸ்மா கையை விட்டாள். ஐந்தாம் மாடி வந்தது. முதலில் தன் கை போயிருந்தால் அந்தச் சீட்டு தன்னிடம்தானே சிக்கியிருக்கும் என்று அன்று தொடங்கிய புலம்பல் இன்று வரை ஓயவில்லை.

லிஃப்ட் கிடையாது. அவள் கணவன் ஷாநவாஸ் க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் வெங்காயக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறான். விடியுமுன் பஸ் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். திரும்பி வந்து மாடி ஏறி முடித்ததும் பேசத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்துவிடுவான். கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். வந்த உடனே குடியிருப்பு முழுவதும் "மீ லாபி" என்று கூவும், விளக்கு வந்துவிட்டது என்று. எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போடுவார்கள். கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டும். ஐந்தாம் மாடியில் நூலாக ஒழுகும். வாளிக்குப் பக்கத்தில் குந்தியபடி அஸ்மா அந்தக் கீழ்வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மேல்மாடிக்காரர்கள் எல்லோரையும் போல அவளும் பால்கனியில் ஒரு கயிறு தொங்கவிட்டிருந்தாள். கீழ்முனையில் கூடை, மேல்முனையில் மணி. காய்காரன் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், காசைப் போட்டுக் கூடையை இறக்க வேண்டும். மாதத்தில் பாதி நாள் அந்த மணி ஊமையாகத்தான் கிடக்கும். ஐந்து மாடிக்குக் கழுத்தை நிமிர்த்திக் கூவ எந்த வியாபாரிக்குப் பொறுமை இருக்கிறது?

இந்த நேரம் பார்த்து நூருன்னிசா தன் வாசலில் பரோட்டாக் கல்லைப் போட்டாள். புருஷன் அஷ்ஃபாக் மலேசியாவில். வீட்டில் அவளும் மகள் ஸமீராவும்தான். காலையில் பரோட்டா, சால்னா. பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டம் முழுவதும் அவள் வாசலில் நின்று தின்றுவிட்டுத்தான் ஓடியது. பர்மாக்காரர்கள் கூடத் தங்கள் மொஹிங்கா மீன் நூடுல்ஸை விட்டுவிட்டு "மா நூர், மா நூர்" என்று அக்கா முறை சொல்லிக்கொண்டு வந்து நின்றார்கள். அந்தச் சால்னா யார் கைப்பக்குவம்? அஸ்மா சொல்லிக் கொடுத்தது. பிரியாணிக் கடையில் மசாலா வறுக்கும்போது பக்கத்தில் நிறுத்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தது. காலையில் அந்த வாசனை ஒவ்வொரு மாடியாக ஏறி ஐந்தாம் மாடிக்கு வரும். அஸ்மாவுக்கு வயிறு பசிக்காது, எரியும்.

"நூருன்னிசா கொடுத்து வச்சவ" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. தன் கடையாக இருந்திருக்க வேண்டியது அது. தன் வாசல், தன் கூட்டம், தன் பேர்.

குப்பை விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. குப்பை வண்டி மணியடித்துக்கொண்டு வரும்போது இறங்கிப் போய்ப் போட வேண்டும் என்பது சட்டம். மேல்மாடிக்காரர்கள் பின்சந்துக்குள் விட்டெறிவது வழக்கம். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எறிவார்கள். அஸ்மா குறி பார்த்து எறிந்தாள். பையை முறுக்கி, பழைய லுங்கிக் கிழிசலால் இறுகக் கட்டி, நூருன்னிசாவின் அடுப்படிக் கதவுக்கு நேரே போட்டாள். பொத்தென்று விழும் சத்தம் கேட்டால் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல். காலையில் எட்டிப் பார்த்தால் அந்த இடம் சுத்தமாக இருக்கும். யாரோ கூட்டியிருப்பார்கள். யார் என்று அவள் யோசிக்கவில்லை.

அந்த வருஷ மழை வெறிபிடித்துப் பெய்தது. பின்சந்துச் சாக்கடை அடைத்துக்கொண்டு, கறுப்புத் தண்ணீர் கீழ்வீடுகளுக்குள் புகுந்தது. பால்கனியில் நின்று பார்த்த அஸ்மாவுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைத்து என்ன பிரயோஜனம், மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நூருன்னிசாவின் பரோட்டாக் கல் தண்ணீரில் முழுகியதைக் கண்ணால் பார்த்துவிட்டு உள்ளே போய் நன்றாகத் தேநீர் போட்டுக் குடித்தாள்.

தேநீர் முடியுமுன் கதவு தட்டப்பட்டது. நூருன்னிசா நின்றாள், தலையில் மாவுத் தகரம், பின்னால் கல்லைச் சுமந்தபடி ஸமீரா. வேறு எங்கே போவாள்? இந்தக் கட்டடத்தில் அவளுக்குத் தன்னை விட்டால் யார் என்று அஸ்மாவுக்கும் தெரியும். உள்ளே விட்டாள்.

மறுநாள் காலை அஸ்மாவின் மணி அடித்தது. எட்டிப் பார்த்தாள். முழங்கால் தண்ணீரில் ஒருவர் லுங்கியைத் தூக்கிப் பிடித்தபடி "மா நூர் ஷீலா?" என்று கேட்டார். மா நூர் இருக்கிறாளா என்று. நூருன்னிசா அஸ்மாவின் அடுப்பிலேயே கல்லைப் போட்டு நாலு பரோட்டா தட்டி, சால்னாவைப் பையில் கட்டிக் கூடையில் இறக்கினாள். பிறகு மணி ஓயவில்லை. அவளுடைய கயிறு, அவளுடைய கூடை, அவளுடைய அடுப்பு, ஆனால் கூப்பிட்டதெல்லாம் மா நூர். ஷாநவாஸ் கூட இரண்டு பரோட்டாவைக் கூடுதலாகத் தின்றுவிட்டு, நூரு கைக்கு ஒரு ருசி இருக்கிறது என்றான். அவன் தட்டை அஸ்மா பட்டென்று எடுத்துக்கொண்டு போனாள்.

தண்ணீர் வடிந்த பிறகு குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து சாக்கடையைத் தோண்டினார்கள். பை பையாக வந்தது. அஸ்மாவும் எல்லோரோடும் சந்தில்தான் நின்றாள். கூட்டுமுன் மழை அடித்துக்கொண்டு போயிருந்த பைகளில் பல, பிரியாணிப் பொட்டலத்துக்குப் போடும் இழுப்பு முடிச்சோடு கிடந்தன. ஒரு முனையை இழுத்தால் அவிழும், தூக்கினால் இறுகும். அந்தக் கட்டடத்தில் அந்த முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அஸ்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கை தன் போக்கில் கட்டிப் பழகிவிட்டது, மனசு கவனிக்கவே இல்லை. நூருன்னிசா குனிந்து, மற்றவர்கள் பார்க்குமுன் அந்தப் பைகளைத் தன் பக்கம் இழுத்து வண்டியில் போட்டாள்.

சாயங்காலம் மாவுத் தகரத்தை எடுக்க மேலே வந்தபோதுதான் பேசினாள்.

"ஒங்க முடிச்சு எனக்குத் தெரியாதா ராத்தா? இத்தனை வருஷமா காலையில நான்தானே கூட்டுறேன்."

அஸ்மா அடுப்படியில் அந்தத் தகரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"கோவமில்ல. கீழ் ஊடு ஒங்களுக்கு அவ்வளவு ஆசைன்னா எடுத்துக்கங்க. நான் மேல வந்துடுறேன். ஈரத்துல ஸமீராவுக்கு இருமல் நிக்க மாட்டேங்குது. யாவாரத்துக்கு என்ன, இந்தக் கயிறு இருக்கு. ஓடுதுன்னு பாத்துட்டோமே."

இத்தனை வருஷம் ஏங்கியது கையில் வந்து நின்றது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அஸ்மா மனசுக்குள் பார்த்தாள். கீழே தன் வாசல், தன் கல். ஆள் நடமாட்டம் இல்லை. தலைக்கு மேலே ஐந்தாம் மாடியில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கூடை தன் மூக்குக்கு முன்னால் இறங்கி ஏறுகிறது. அதுவும் போகட்டும். குலுக்கல் அன்று பார்க்கிறவர்களுக்காகத் தான் காட்டிய பெருந்தன்மையை, இன்று பார்க்க ஒருவரும் இல்லாத அடுப்படியில் நின்று இவள் நிஜமாகவே காட்டுகிறாள். அதில் கூட இவள் ஜெயிக்க வேண்டுமா?

"வேணாம் நூரு" என்றாள். "இங்க காத்து நல்லா வருது. எனக்கு மாடிதான் புடிச்சிருக்கு."

எதிரிக்குச் சகுனத்தடை என்று மூக்கை அறுத்துக்கொண்டவள் கூட அறுத்த பிறகு கண்ணாடியில் பார்த்திருப்பாள். அஸ்மா பார்க்கவில்லை. நூருன்னிசா தகரத்தைத் தூக்கினாள்.

"அப்ப குப்பைய மட்டும் எறங்கி வந்து போட்டுடுங்க ராத்தா."

மறுநாள் வண்டி மணி கேட்டதும் அஸ்மா பையோடு இறங்கினாள். வெறும் முடிச்சாகத்தான் போட்டிருந்தாள். போட்டுவிட்டுத் திரும்பும்போது கீழ்வாசலில் கூட்டம் நின்றது. நூருன்னிசா கூட்டத்தை விலகச் சொல்லி அவளை உட்காரவைத்துத் தட்டில் இரண்டு பரோட்டா போட்டு, சால்னா ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்ல அத்தனை பேர் முன்னால் முடியவில்லை. பிய்த்து வாயில் வைத்தாள்.

நன்றாக இருந்தது. தான் சொல்லிக் கொடுத்ததை விட நன்றாக இருந்தது. அவள் சொல்லாத ஏதோ ஒன்று அதில் சேர்ந்திருந்தது. என்ன என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்காமல் தட்டை வழித்துத் தின்றுவிட்டு எழுந்தாள். ஐந்து மாடி ஏறி முடிக்கிற வரைக்கும் அந்த ருசி வாயை விட்டுப் போகவில்லை.