மேனேஜருக்கு வந்த படர்தாமரை

முடிதிருத்துகிறவர்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள் என்பது உலக வழக்கம். இவர் அதற்கு நேர்மாறு. தலையைச் சாய்க்கச் சொல்வதற்குக்கூட இரண்டு விரலால் காதோரம் லேசாகத் தொடுவார், அவ்வளவுதான். அதனால் தெருவில் அவருக்கு ‘ஊமைக்கத்திரி’ என்று பெயர். பேச்சையெல்லாம் அடுத்த நாற்காலிக்குப் பின்னால் நின்று வெட்டும் மைத்துனன், அவர் மனைவியின் தம்பி, பார்த்துக்கொள்வான். அவன் வாய்க்காகக் கடைக்கு ஒரு கூட்டம் வந்தது, இவர் கைக்காக ஒரு கூட்டம் வந்தது. மூன்றாவதாக ஒரு கூட்டம் பூனைக்காகவே வந்தது.

வெளியூருக்கு மாற்றலாகிப் போன ஒரு வாடிக்கைக்காரர் விட்டுப்போன பூனை அது. சாம்பல் நிறம், கழுத்தைச் சுற்றி மப்ளர் போட்டதுபோல் நீள நீளமான முடி. கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் உட்கார்ந்து நடப்பதையெல்லாம் மேற்பார்வை பார்க்கும். “மேனேஜர் வந்துட்டாரா?” என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் உள்ளே நுழைவார்கள். முறை வரும்வரை பெஞ்சில் அதை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருப்பார்கள். அதுவும் ஆள் பேதம் பார்க்காமல் எல்லார் மடியிலும் கண்ணை மூடும். பிள்ளை இல்லாத வீட்டுக்கு வந்தது என்பதால் ஊமைக்கத்திரியும் அவர் மனைவியும் அதன்மேல் உயிராக இருந்தார்கள். ராத்திரி இரண்டு பேருக்கும் நடுவில்தான் அது படுக்கும்.

முதலில் காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சொட்டை விழுந்தது. ஓரத்து முடிகள் ஒடிந்து நின்றன, தோலில் சாம்பல் தூவியதுபோல் செதில். பூனை சொறிந்துகொள்ளவும் இல்லை, சோர்ந்துபோகவும் இல்லை. முடியைப் பற்றி நமக்குத் தெரியாததா என்று அவர் எண்ணெய் தடவினார். சொட்டை அகலமானது, முன்காலில் இன்னொன்று வந்தது. எண்ணெயில் ஊறிய முடி சிக்குப்பிடித்துத் திரிதிரியாகத் தொங்க, காற்று பட்டால் ஆறிவிடும் என்று கடை மேசை இழுப்பறையில் கிடந்த பழைய முடிவெட்டும் மிஷினை எடுத்துச் சுற்றிலும் ஒட்ட வெட்டிவிட்டார். வேலை முடிந்ததும் மிஷினைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

அந்த வாரமே மைத்துனனின் மிஷின் நின்றுபோனது. அவன் யாரையும் கேட்காமல் இழுப்பறையைத் திறந்து பழையதை எடுத்துக்கொண்டான். அவர் நிமிர்ந்து பார்த்தபோது அது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரின் பிடரியில் ஓடிக்கொண்டிருந்தது. என்னவோபோல் இருந்தது அவருக்கு. கழுவித்தானே வைத்தோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார்.

பிறகு மனைவியின் முழங்கைக்குக் கீழே வட்டமாக ஒரு தடிப்பு வந்தது. ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து, வளையல் பதிந்த தடம்போல. அவள் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள். முதலாளி அந்தக் கையைப் பார்த்ததும், ஆறின பிறகு வந்தால் போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தோல் மருத்துவர் படர்தாமரை என்று சொல்லிவிட்டு, வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்டார். அன்றைக்கே பூனையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள்.

அந்த அம்மாள் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஊதா வெளிச்சம் வரும் சின்ன விளக்கொன்றைப் பூனைமேல் பிடித்தார். காதோரமும் காலிலும், அவர்கள் கவனிக்காத வாலடியிலும், முடிகள் பச்சைப்பசேலென்று மின்னின. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“இது சொறி இல்லைங்க, பூஞ்சை. பூனைகிட்டேருந்து மனுஷங்களுக்கும் ஒட்டும். உதிர்ற முடியில மாசக்கணக்கா உசிரோட இருக்கும்” என்றார் மருத்துவர்.

ஊமைக்கத்திரி கேட்டார். “சீப்புல இருக்குமா?”

“சீப்பு, மிஷின், துணி, பெஞ்சு எல்லாத்துலயும் இருக்கும். எதுக்கு கேக்கறீங்க? நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?”

மனைவிதான் சொன்னாள். மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

கடையை மூட வேண்டும் என்று ஊமைக்கத்திரி சொன்னதும் மைத்துனன் பதறிப்போனான். “மூடினா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் மாமா. யாருக்கும் தெரியாம எல்லாத்தையும் கழுவிடலாம். பூனையை எங்கயாச்சும் விட்டுடுங்க. வாயைத் திறக்காம இருங்க, அதுதான் உங்களுக்கு நல்லா வருமே.”

மனைவியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம், இனி ஊரைக் கூட்டிக் காட்டவும் வேண்டுமா என்று கேட்டாள். பூனையை விடச் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

அவருக்கோ அந்தப் பிடரி கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்று மாலையே வேன்காரர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவரின் சட்டைக் காலருக்கு மேலே வட்டம் ஏற்கெனவே தெரிந்தது. பின்னால் வந்து எட்டிப்பார்த்த சின்னப் பெண்ணின் கன்னத்தில் இன்னொன்று. ஊமைக்கத்திரி ஆயுசில் அவ்வளவு பேசியதில்லை. பூனை, இழுப்பறை, மிஷின் என்று ஒன்று விடாமல் சொன்னார். எந்த மருந்து வாங்க வேண்டும், தலையணை உறையை எப்படித் துவைக்க வேண்டும் என்பதைக்கூடச் சொன்னார்.

வேன்காரர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். “பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குள்ள விட மாட்டேங்கறாங்க. பூனைக்கு வெட்டுன மிஷினை என் தலையில வெச்சிருக்கீங்க” என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கொசு கடித்தவனும் வேர்க்குரு வந்தவனும்கூடக் கடைவாசலில் வந்து சட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். அந்தக் கடையில் மனுஷனுக்குப் பாதி, பூனைக்குப் பாதி என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஒரு காலத்தில் மேனேஜரை மடியைவிட்டு இறக்காத ஆள் அவர்.

கடையைப் பூட்டிவிட்டுக் கணவனும் மனைவியும் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிச் சுவரைத் தேய்த்தார்கள். பெஞ்சின் மெத்தையையும் சீப்புகளையும் எரித்தார்கள். பூனையைக் குளியலறையில் அடைத்தார்கள். வாயில் மருந்து ஊற்ற வேண்டும், வாரம் இரண்டு முறை கந்தக நீரில் முக்கித் துடைக்காமல் காயவிட வேண்டும். வீடு முழுக்க அழுகின முட்டை நாறியது. அவர் கையுறை போட்டுக்கொண்டு பிடிப்பார், அது தொண்டைக்குள் அடைத்த குரலில் கத்தும். ஆரம்பத்தில் கதவடியில் நகத்தால் பிராண்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவர் காலடி கேட்டாலே வாளிக்குப் பின்னால் பதுங்கியது. யாரும் மடியில் எடுக்காமல், யாரையும் உரசாமல் அதன் நாட்கள் அந்த ஈரத் தரையில் போயின.

அந்த இடைவெளியில் மைத்துனன் தெருக்கோடியில் புதுக்கடை திறந்தான். சொல்லிவிட்டுத்தான் திறந்தான். “எனக்கும் குடும்பம் இருக்கு மாமா” என்றான். அவர் தலையாட்டினார். அவன் பேச்சோடு இவருடைய வாடிக்கையும் அங்கே போய்விட்டது.

பூனைக்குக் குணமானது. ஊதா விளக்கில் பச்சை தெரியவில்லை, ஆய்வுக்கு அனுப்பிய முடியும் இரண்டு தடவை சுத்தம் என்று வந்தது. கழுத்து மப்ளர் முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்தது. மருத்துவர் சந்தோஷப்பட்டார், இவ்வளவு ஒழுங்காக யாரும் செய்வதில்லை என்றார். ஆனால் பூனை அலமாரிமேல் ஏறினது ஏறினதுதான். கை நீட்டினால் சுருங்கிப் பின்வாங்கும். சாப்பாட்டை வைத்துவிட்டு ஆள் நகர்ந்த பிறகுதான் இறங்கும். மனைவியின் கை ஆறியது, ரொட்டிக் கடையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

கடையைத் திறந்து பார்த்தார். வெள்ளையடித்த சுவர், புதுத் துணி, புது மிஷின். இலவு காத்த கிளிபோல வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வழி தெரியாமல் வந்த வெளியூர்க்காரர் இரண்டொருவரைத் தவிர ஒருவரும் படியேறவில்லை. கடைசியில் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்தார்.

இப்போது மைத்துனன் கடையில் இரண்டாவது நாற்காலி அவருடையது. மனைவி தம்பியிடம் பேசி வாங்கிக்கொடுத்த இடம். பூனையை ஒருநாளும் கூட்டிவரக் கூடாது என்பது ஒன்றுதான் அவன் போட்ட நிபந்தனை. அது வரவும் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சு நிறைந்திருக்கும். போன வாரம் வேன்காரர் மகளோடு வந்தார். பெண்ணின் கன்னம் பளிங்குபோல இருந்தது, ஒரு தழும்பும் இல்லை. ஊமைக்கத்திரி துணியை உதறி, நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“பரவால்ல, நான் வெயிட் பண்றேன்” என்றார் வேன்காரர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

பெஞ்சில் இருந்த மற்றவர்களும் செய்தித்தாளைப் புரட்டினார்கள். மைத்துனன் பேச்சை வேறெங்கோ திருப்பிச் சிரிப்பு மூட்டினான். அவர் நாற்காலியை மறுபடி நேராகத் திருப்பி வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்து, தான் வெட்டாத முடியைக் கூட்ட ஆரம்பித்தார்.

வீட்டில் மனைவி சாப்பாட்டை எடுத்து வைத்தபடி கேட்டாள். “இன்னைக்காவது யாராச்சும் உக்காந்தாங்களா?”

அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் விழும் சத்தத்தில் கேள்வி காதில் விழவில்லையோ என்று அவள் நினைத்துக்கொண்டாள். திரும்பக் கேட்கவில்லை.