கன்னியப்பன் வயலில் நட்ட குச்சிகள்

பூச்சிமருந்து அடிக்காதீர்கள் என்று நெல் விவசாயிகளிடம் சொல்லுவதும் ஒரு வேலைதான்; அதைக் கொஞ்ச காலம் பார்த்தவள் நான். நல்லது சொல்லப் போய் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினவர்கள் இருந்தால், இது உங்களுக்குத்தான்.

உழவர்கரையை ஒட்டி அப்போது வயல் மிச்சம் இருந்தது. அஞ்சாவது படித்த என்னை ஒரு விவசாய மையத்தில் எடுத்தார்கள். ஒரே ஒரு வயலையாவது அறுப்பு வரைக்கும் மருந்து படாமல் வைத்துக் காட்டினால்தான் வேலை தொடரும். எனக்குத் தொடர்ந்தே ஆகவேண்டும். என் வீட்டுக்காரர் கூலிக்கு மருந்தடிக்கிறவர். என் வேலை நிலைத்தால் அவர் முதுகிலிருந்து அந்த மருந்து டேங்க்கை இறக்கிவிடலாம்.

யார் பேசுவது

முதல் கூட்டத்துக்கு பாட்டிலில் சிலந்தியும் தட்டானும் பிடித்துப் போயிருந்தேன். இவை பயிரைக் கெடுக்கிற பூச்சியைத் தின்னும், மருந்தடித்தால் இவையும் சேர்ந்து சாகும் என்று சொல்லவேண்டும். எல்லாரும் ஆம்பிளைகள். பாட்டிலை மட்டும் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன். முன்னால் உட்கார்ந்திருந்த கன்னியப்பன் நல்லவிதமாகத்தான் கேட்டார்: "சார் எப்போ வருவாரும்மா? அதுக்குள்ள நீ போயி டீ சொல்லிட்டு வாயேன்."

குருவிக்கு இடம்

என்ன நினைத்தாரோ, அதே கன்னியப்பன் மருந்தடிக்காமல் பார்க்க ஒரு வயலை விட்டுக்கொடுத்தார். புழு பொறுக்கும் கரிச்சான் குருவிகள் வந்து உட்கார, குறுக்குக் கட்டை கட்டின சவுக்குக் குச்சிகளை நட்டேன். மறுவாரம் போனால் ஒவ்வொரு குச்சிக்கும் பழைய சட்டை மாட்டி, தலைக்குச் சட்டி கவிழ்த்து, மீசையும் எழுதியிருந்தது. ஒரு குருவிகூட அண்டவில்லை. நான் கெஞ்சின பிறகு கன்னியப்பன் மனசில்லாமல் கழற்றினார். "இன்னாம்மா, குருவிய விரட்டத்தான் நீ இம்மாம் அழகா நட்டேன்னு நெனச்சேன்."

எங்கள் வீட்டில்

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தால் குளிக்கும்வரை குழந்தையைக் கிட்டே விடமாட்டேன். அது கையை நீட்டிக்கொண்டு அழும். கண் சிவந்து, தின்ற சோற்றை வாந்தியெடுத்துவிட்டுப் படுப்பார். இந்த வேலை வேண்டாம் என்பேன். ஒருநாள் சிரித்தார்: "உன் பேச்ச ஒருத்தனும் கேக்கல, அதான் நாம சாப்புடறோம். எல்லாரும் கேட்டுட்டா என்னாவும்னு யோசிச்சியா?"

அறுப்புக்கு முன்னால்

கதிர் பால் பிடித்த சமயம். இலைச்சுருட்டுப்புழு கொஞ்சம் இருந்தது. கரிச்சானும் வந்து பொறுக்கிக்கொண்டிருந்தது. பயிருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் டீக்கடையில், பொம்பளை பேச்சைக் கேட்டு ஊருக்கே பூச்சி வளர்க்கிறார் என்று கன்னியப்பனைக் கிண்டல் பண்ணினார்களாம்.

அன்றைக்குப் பொழுது சாய, என் வீட்டுக்காரர் தோளில் ஒரு கட்டு சவுக்குக் குச்சியோடு வந்தார். குறுக்குக் கட்டையில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. டேங்க்கோடு நடக்க இடறியது, பிடுங்கிவிட்டேன் என்றார், என்னைப் பார்க்காமல். காலையில் ஓடினேன். வரப்பிலேயே மருந்து வாடை. கன்னியப்பன் சாவகாசமாகச் சொன்னார்: "வெளியாளையா கூப்ட்டேன்? உன் வூட்டுக்காரருக்குத்தான வேல குடுத்தேன், அதுக்கு ஏம்மா அழுவுற?"

மையத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள். நான் பார்த்த அந்த வேலையில் எங்களுக்கு மிஞ்சினது, மருந்து வாடை போக அவர் குளிப்பதற்கு வெந்நீர் காய்ச்சின அந்த ஒரு கட்டு விறகுதான்.